சுண்டுவிரல் நுழையும் இடைவெளி

எங்கள் ஊர்ப் பெண் துடா எந்த முடிச்சைக் கண்டாலும் அதற்குள் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார். மாவுச் சாக்கின் வாய்க்கட்டு, கழுதையின் வயிற்றுவார், பேரனின் ஷூ கயிறு, எதுவானாலும் சரி. வலது கைச் சுண்டுவிரலின் நுனியை முடிச்சுக்கு அடியில் கொடுத்து, நகம் மறையும்வரை தள்ளி, அரைச் சுற்று திருப்புவார். நுழைந்தால் பேசாமல் நகர்ந்துவிடுவார். நுழையாவிட்டால் யார் போட்ட முடிச்சு என்றெல்லாம் கேட்பதில்லை. அங்கேயே உட்கார்ந்து, பல்லால் கடித்துத் தளர்த்திவிட்டுத்தான் எழுவார். ஒருமுறை வியாழக்கிழமைச் சந்தைக்குப் போகும் வேனில், முன்சீட்டில் இருந்த அந்நிய மனிதரின் தலைப்பாகைக்குள் விரலை விட்டு ஏச்சு வாங்கினார். "கழுத்து நெரியுது உனக்கு, தெரியலையா?" என்றார் பதிலுக்கு. தலைப்பாகை கழுத்தில் இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இது பிறவிப் பழக்கம் அல்ல. அந்த ஜூன் மாதத்துக்கு முன்பு அவர் முடிச்சுகளை இறுக்குகிறவராக இருந்தார்.

எங்கள் மலையூரான ஐத் தலாத்தில் வீடுகள் பதினொன்று. எல்லாம் சரிவின் காலடியில், களைத்தவர்கள்போல ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவை. மலைக்கு மிக அருகில் இருப்பது துடாவின் வீடு. அதற்குப் பின்சுவர் மலைதான். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு இலையுதிர் கால மத்தியானம் சரிவில் இருந்த மண் மழையோடு இறங்கி வந்தது. ஆட்டு வாய் பட்டுப் பட்டுப் புல்வேர்கூட இல்லாமல் கிடந்த சரிவு அது. துடாவின் கணவர் ஸாயித் கழுதையை அவிழ்க்கத் தொழுவத்துக்குள் போனார். மூன்றாம் நாள்தான் அவரையும் கழுதையையும் எடுத்தோம்.

அன்றிலிருந்து வானம் கறுத்தால் போதும், துடா மருமகளையும் பேரனையும் முன்னே விட்டு, படுக்கைச் சுருளைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மகன் சமவெளியில் வேலையில் இருந்தான்.

"மழை இல்ல லல்லா, வெறும் காத்துதான்," என்பார் என் அம்மா. பெண்களை மரியாதையாக அழைக்க எங்களுக்கு லல்லாதான்.

"காத்துதான் முதல்ல வரும்," என்று துடா படுக்கையை விரிப்பார்.

நகரத்திலிருந்து கம்பெனி ஆள் வரைபடத்தோடு வந்தபோது ஊர்க்கூட்டம் களத்து மேட்டில் கூடியது. நான் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். என் கையெழுத்து புரியும் என்பதைத் தவிர அதற்குத் தகுதி எதுவும் கிடையாது. ஓரமாக உட்கார்ந்து காகிதத்தை வாசித்தேன். தூரத்தில் எங்கோ ஒரு தொழிற்சாலை புகை விடுகிறது. மரம் வளரும்போது அந்தப் புகையைக் குடிக்கிறது. எங்கள் சரிவு குடிக்கும் அளவைத் தொழிற்சாலையின் பங்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள். அதற்காக நாலாயிரம் கன்று, சைப்ரஸும் ஓக்கும். சுற்றிலும் வேலி, உள்ளே ஆடு கூடாது. ஈடாக ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டுக்கு வீடு தீவனப் பார்லி வரும். மூன்றாம் வருடம் எண்ணிக்கை. பத்துக்கு ஏழு உயிரோடிருந்தால் சரிவு முப்பது வருடம் மூடியிருக்கும். குறைந்தால் வேலிக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், சரிவு பழையபடி ஆட்டுக்கு.

எங்களில் ஒருவரை வருடாவருடம் புல்லுத் தலைவராகத் தேர்ந்து, தலைப்பாகையில் ஒரு பிடி பச்சைப் புல்லைச் செருகிவிடுவோம். எந்த மேய்ச்சல் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்பது அவர் வாயில்தான். அந்த வருடம் பாஸ்ஸு. அவர் எழுந்தார்.

"அவன் அங்க புகை விடுவான். அதுக்கு நம்ம ஆடு இங்க பட்டினி கிடக்கணுமா?"

பெண்கள் வழக்கம்போலப் பக்கத்துக் கூரைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து இஸ்ஸாவின் குரல் வந்தது. "உன் ஆடு விடுற புகைய எந்த மரம் குடிக்கும் பாஸ்ஸு? அதையும் சேத்துக் கேளு!"

கூட்டம் சிரித்து அடங்கியதும் துடா பேசினார். "புகையைக் குடிக்குமோ குடிக்காதோ, எனக்குத் தெரியாது. மரம் மண்ணைப் புடிக்கும். எனக்கு அது போதும்."

ஸாயித்தைத் தோண்டி எடுத்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். சரி என்றார்கள். ஆனால் காவல் வேலைக்கு ஆண்கள் யாரும் வரவில்லை. சொந்த அண்ணன் ஆட்டை யார் விரட்டுவது? துடா ஏற்றுக்கொண்டார்.

கம்பெனி வரைபடத்தில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. துடாவின் கூரைக்கு நேர் மேலே, நெற்றிபோலப் புடைத்து நிற்கும் செங்குத்து. ஆள் நிற்க முடியாத இடம், கணக்கில் வராது என்றார்கள். அதை நான்தான் அவருக்கு விளக்கினேன். துடா கொஞ்ச நேரம் வரைபடத்தின் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தார். நடவு முடிந்து மிஞ்சிய கன்றுகளைக் கேட்டு வாங்கினார். உச்சிப் பாறையில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டி, பன்னிரண்டு நாள் தொங்கிக்கொண்டே தனியாக நட்டார். முந்நூறுக்கு மேல் இருக்கும். கீழிருந்து பார்க்க, மலை தன் சட்டைக்குப் போட்ட ஒட்டுபோல இருந்தார்.

இரண்டாம் வசந்தத்தில் மழை இல்லை. வேலிக்கு வெளியே கல். வேலிக்கு உள்ளே, ஆட்டு வாய் படாத இரண்டு வருடப் புல், முழங்கால் உயரம். ஆடுகள் வேலியோரம் வரிசையாக நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தன. கத்தக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னும் பத்து நாள்," என்றார் பாஸ்ஸு. "அதுக்கப்புறம் வேலியை ஆடு உடைக்குமா நான் உடைப்பேனான்னு எனக்கே தெரியாது துடா."

"ஆடு வேண்டாம். அரிவாள் வரட்டும்," என்றார் துடா. "ஒரே ஒரு நாள். எல்லா வீடும் சேந்து அறுத்துட்டுப் போங்க."

ஆனால் புல்லுக்குள் கன்று சாண் உயரம்தான். அரிவாளுக்குப் புல் எது, ஓக் எது என்று தெரியாது. குச்சி நட்டு அடையாளம் வைக்கலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"இந்த ஊர்ல குச்சி நட்டா, மறுநாள் அது எவ வீட்டு ரொட்டி அடுப்புலயாவது இருக்கும் எழுத்துக்காரா," என்றார் இஸ்ஸா.

அதனால் நூல் என்று முடிவானது. பழைய கழுதைப் பைகளைப் பிரித்தார்கள். ஆட்டு ரோமம் கலந்து முறுக்கிய சிவப்பு நூல், பத்து வருடம் வெயிலில் கிடந்தாலும் அறாது. சரிவைப் பத்துத் துண்டாக்கினோம். வீட்டுக்கு ஒரு பொருள், ஒரு பொத்தான், ஒரு சாவி, ஒரு கூழாங்கல், பாஸ்ஸுவின் அங்கிக் குல்லாயில் போட்டுக் குலுக்கி, துண்டுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனோம். எந்தத் துண்டில் உன் பொருளோ அது உன்னுடையது. துடா குல்லாயில் எதுவும் போடவில்லை. "எனக்கு மேல இருக்கறது போதும்," என்றார். அந்தச் செங்குத்தை யாரும் போட்டிக்குக் கேட்கவில்லை. சிவப்பு தீர்ந்துபோனதால் அவருக்குக் கறுப்பு நூல்தான் கிடைத்தது.

அவரவர் துண்டில் அவரவர் கட்டினார்கள். இரண்டே நாளில் காற்று பாதியை உருவிக்கொண்டு போய் முட்செடிகளில் மாட்டிவிட்டது. துடாவுக்குக் கோபம் வந்தது. எல்லாரையும் உட்காரவைத்துத் தறிமுடிச்சைப் போடச் சொன்னார். கம்பளி நெய்யும்போது பாவு நூலின் ஓரத்தைக் கட்டுகிற முடிச்சு அது. இழுத்தால் இறுகும், ஆட்டினால் இன்னும் இறுகும், தானாகத் தளராது. எங்கள் பெண்களுக்கு அது மூச்சுவிடுவதுபோல. அதோடு விடாமல் துடா ஒவ்வொரு துண்டாகப் போய், நாலாயிரம் முடிச்சையும் தன் கையால் இன்னொருமுறை இழுத்துவிட்டார்.

அறுப்பு நாளில் பதினொரு கன்றுதான் வெட்டுப்பட்டது. ஆடுகள் பிழைத்தன. பாஸ்ஸு தன் தலைப்பாகைப் புல்லை எடுத்துத் துடாவின் முக்காட்டில் செருகினார். "இனி இவங்கதான் தலைவர். நான் போய்த் தூங்கறேன்."

நூல்களை யாரும் அவிழ்க்கவில்லை. அடுத்த வருடமும் வேண்டுமே. அழகாகவும் இருந்தது. சரிவு முழுக்க யாரோ சிவப்பு மையால் திருத்தம் போட்ட மாதிரி.

அந்தக் குளிர்காலம் நல்ல மழை, நல்ல பனி. மண் இறங்கவில்லை. வசந்தத்தில் கன்றுகள் சட்டென்று முழங்காலைத் தொட்டன. துடாவின் நடையே மாறிப்போனது. பேசும்போது கை வீசத் தொடங்கினார். பிறகு, பார்லிக் கதிர் வெளுக்கத் தொடங்கிய வாரம், கன்றுகளின் நுனி மஞ்சளாயிற்று.

எண்ணிக்கைக்கு எட்டு நாள் இருந்தது.

நான் போனபோது துடா ஒரு சைப்ரஸ் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றன. அதற்கு மேலே வீக்கம். அதற்குக் கீழே பழைய ஒல்லித் தண்டு. நடுவில் நூலைக் காணோம். பட்டை அதன்மேல் உதடுபோல மூடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்பு இழை.

"நோயா லல்லா?"

"நோய் இல்ல. என் கை."

அரிவாளோடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்த இஸ்ஸா நின்றார். "கண்ணு பட்டுருச்சுன்னு நான் நெனச்சுட்டிருக்கேன்டி."

"கண்ணும் இல்ல, காதும் இல்ல. முடிச்சு. கிர்னு சத்தம் கேக்கற வரைக்கும் இழுத்தேனே இஸ்ஸா, ஒவ்வொண்ணா." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார், வேறு யாருடையதோபோல. "ஒண்ணுலயாவது ஒரு விரல் இடம் விட்டிருக்கக் கூடாதா?"

பார்லி முற்றி நின்றது. இரண்டு நாள் தாமதித்தால் மணி உதிர்ந்துவிடும். அதுதான் வருட ரொட்டி. அறுவடையை விட்டுவிட்டு வா என்று எவரையும் கூப்பிட முடியாது. துடா வயல் வயலாகப் போனார். உள்ளே இறங்காமல் வரப்பில் நின்றார்.

"நான் இறுக்கினது. நானே அவிழ்க்கறேன். மத்தியானம் ரொட்டி தின்னுற நேரம் மட்டும் வாங்க. ரொட்டியைக் கையில எடுத்துட்டே வாங்க."

வந்தார்கள். வாயில் ரொட்டியும் கையில் தையல் ஊசியுமாக வந்தார்கள். நூலை நேராக வெட்ட முடியாது. ஊசி நுனியால் பட்டைக்கு அடியிலிருந்து நெம்பி, இழை வெளியே வந்ததும் நறுக்க வேண்டும். கை நடுங்கினால் பட்டையும் கிழியும். அம்மாவின் சிறு கத்தரியை எடுத்துக்கொண்டு நானும் போனேன். பெண்கள் நடுவே எனக்குத் தலை நிமிரவில்லை.

"பாருடி, பேனா புடிக்கற மாதிரியே புடிக்கறான்."

"காகிதம் இல்லடா ராசா, கழுத்து அது. மெதுவா."

"கல்யாணத்துக்கு முந்தி முடிச்சு அவிழ்க்கக் கத்துக்கிட்டான், பொண்ணு குடுக்கலாம்!"

காது சிவந்தாலும் கத்தரியை நிறுத்தவில்லை. ரொட்டி தீர்ந்ததும் அவர்கள் வயலுக்கு இறங்கிவிடுவார்கள். பிறகு சரிவில் துடாவும் நானும் மட்டும். வெயிலில் கல் சுட்டது. அவர் சாப்பிடுவதை நான் பார்க்கவில்லை. நூல் எடுத்த கன்று ஒவ்வொன்றின் தண்டையும் நகத்தால் லேசாகச் சுரண்டுவார். பச்சை தெரிந்தால் அடுத்ததற்கு நகர்வார். பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே சுரண்டுவார், இன்னும் கீழே. சில சமயம் மண்வரைக்கும் சுரண்டிக்கொண்டே போவார். அப்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நோட்டில் துண்டுவாரியாகக் குறித்துவந்தேன். ஆறாம் நாள் மாலை கூட்டிப்பார்த்தேன். முடித்த ஏழு துண்டுகளில் நூற்றுக்கு அறுபத்தெட்டு.

"எத்தன?" என்றார்.

"இன்னும் கூட்டல லல்லா."

"கூட்டிட்ட. உன் மூஞ்சி ஏழுக்குக் கீழன்னு சொல்லுது." அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "மிச்சம் மூணு துண்டு வடக்கு பாத்தது. நிழல். அங்க உயிர் ஜாஸ்தி இருக்கும். ஏன்னா இருந்தாகணும்."

ஏழாம் நாள் வெயில் இறங்கும்போது நான் நிமிர்ந்து அந்த நெற்றியைப் பார்த்தேன். வெளிச்சம் கண்ணில் அடித்தது, ஒன்றும் தெரியவில்லை.

"லல்லா, மேல?"

"அது ஆச்சு."

"எப்போ?"

"காலைல, நீங்கல்லாம் எழுந்திருக்கறதுக்கு முந்தி. வா, ஒன்பதாவது துண்டுல இன்னும் நாப்பது இருக்கு."

எட்டாம் நாள் காலை பத்தாவது துண்டின் கடைசிக் கன்றிலிருந்து அவர் நிமிரும்போதே கீழே ஜீப் சத்தம் கேட்டது.

எண்ண வந்தவர் கிஸ்லான் என்ற இளம்பெண். தொப்பி, கையில் இடம் காட்டும் கருவி, தோளில் அளவுக்கயிறு. கருவி பன்னிரண்டு இடங்களைச் சொல்லும். அங்கங்கே ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்க, இன்னொருவர் வட்டம் சுற்றி, வட்டத்துக்குள் இருக்கும் குழிகளில் உயிர் எத்தனை, சாவு எத்தனை என்று எழுத வேண்டும். நான் கயிற்றைப் பிடித்தேன். பாஸ்ஸுவும் ஆண்களும் கூடவே வந்தார்கள். அறுவடையை விட்டு இஸ்ஸாவும் வந்துவிட்டார். துடா மட்டும் இருபதடி தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி நின்று, முக்காட்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

முதல் நான்கு வட்டம் மோசமில்லை. ஐந்தாவதில் பதின்மூன்றுக்கு ஆறு. மறுபடி தலைவராகியிருந்த பாஸ்ஸு தலைப்பாகையிலிருந்து அந்த வருடத்துப் புல்லை உருவி மெல்லத் தொடங்கினார். அவர் மகிழ்ச்சியாக மெல்கிறாரா, கவலையில் மெல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் நூற்றிருபது ஆடு.

ஏழாவதில் ஒரு ஓக். இலை ஒன்றுகூட இல்லை. கிஸ்லான் பென்சிலைச் சாவுப் பக்கம் கொண்டுபோனார்.

"சுரண்டிப் பாருங்கம்மா," என்றார் பாஸ்ஸு.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்ன பாக்கறீங்க? கேட்டேன், அவ்வளவுதான். அந்தத் துண்டு என் பொத்தான் விழுந்த துண்டு."

கிஸ்லான் குனிந்து அடித்தண்டைச் சுரண்டினார். மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், ஒரு நகக்கண் அளவுக்குப் பச்சை. உயிர்ப் பக்கம் எழுதினார்.

பன்னிரண்டாவது வட்டம் முடிந்ததும் ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்துக் கூட்டினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று மனத்தில் கூட்டினேன். எனக்கு இரண்டு முறை வெவ்வேறு விடை வந்தது. அவர் மறுபடி மேலிருந்து கூட்டினார்.

"நூத்தி அம்பத்தாறுல நூத்திப் பதினொண்ணு."

யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஏழுக்கு மேல," என்றேன். சத்தமாக மறுபடி சொன்னேன். "ஏழுக்கு மேல! ரெண்டு கொறஞ்சிருந்தா போயிருக்கும்."

இஸ்ஸா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார். துடா திரும்பவில்லை. முக்காட்டைக் கட்டி முடித்து, அதற்குள் சுண்டுவிரலைக் கொடுத்துப் பார்த்தார். நான் அதை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

"மேல இருக்கற மரங்களும் உங்களுதா?" என்று கிஸ்லான் செங்குத்தைக் காட்டிக் கேட்டார்.

"என்னோடது. உங்க கணக்குல இல்ல," என்றார் துடா. "டீ குடிச்சுட்டுப் போ மகளே, ரொட்டி சூடா இருக்கு."

காகிதம் கையெழுத்தானது. முப்பது வருடம். எங்கள் சரிவு யார் புகையைக் குடிக்கிறது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பாஸ்ஸு மட்டும் பனிக்கால மூட்டத்தைக் கண்டால், "வந்துருச்சு நம்ம சரக்கு," என்பார்.

அந்த இலையுதிர் காலத்தின் முதல் மேகம் கறுத்தபோது துடா படுக்கைச் சுருளோடு எங்கள் வாசலில் நின்றார். பின்னால் மருமகளும் பேரனும்.

"மரம்தான் நின்னுருச்சே லல்லா," என்று அம்மா சிரித்தார். "இன்னும் எதுக்கு அலையறே?"

துடாவும் சிரித்தார். படுக்கையின் கட்டுக்குள் விரலை விட்டு, தளர்த்தி, விரித்தார்.

பிப்ரவரியில் இஸ்ஸாவின் ஆட்டுக்குட்டி ஒன்று வேலிக்கு மேல் பக்கமாகப் போய்ச் செங்குத்தில் மாட்டிக்கொண்டது. நான்தான் உச்சிப் பாறையில் கயிறு கட்டி இறங்கினேன். துடா நட்ட இடத்தில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. குட்டியை மேலே அனுப்பிவிட்டு எண்ணினேன். முந்நூற்றி ஆறு கன்று. எல்லாம் நின்றபடியே காய்ந்து பழுப்பாகியிருந்தன. எல்லாவற்றின் கழுத்திலும் கறுப்பு நூல் இருந்தது. தொங்கிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு முடிச்சுகூட அவிழ்க்கப்பட்டிருக்கவில்லை.